மலைக்குளிரும் மோட்டார் மின்சாரமும்



மார்கழி, தை மாதங்களில் மூணாற்றுப் பக்கம் தங்கியவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். கதிரவன் எழுமுன் தேயிலைச் செடிகளின்மீதும் புல்தரைகளின்மீதும் உப்பைத் தூவினாற்போல உறைபனி படிந்திருக்கும். சாலையோரத்தில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். சில உறுமிக்கொண்டு கிளம்பும். ஒன்று மட்டும் இருமுறை முனகிவிட்டு அடங்கிவிடும். ஓட்டுநர் இறங்கி முன்மூடியைத் தூக்குவார். கம்பளி போர்த்த நாலைந்து பேர் சுற்றிக் கூடுவார்கள். "பாட்டரி போய்விட்டது" என்று ஒருவர் தீர்ப்பளிப்பார், மற்றவர்கள் தலையசைப்பார்கள்.

அத்தீர்ப்பு சரியானதுதானா என்பதே இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பொருள். ஒரு வண்டி கிளம்பவில்லை என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் மலைத்தோட்டங்களில், பேறுகால வேதனையுற்ற பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும், தேர்வு எழுதும் பிள்ளையை நகரத்துக்கு இறக்குவதும், ஏலக்காட்டு வேலையாட்களைக் கூலிக்கு ஏற்றிச் செல்வதும் பல வேளைகளில் ஒரே வண்டிதான். அது நின்றால் ஒரு குடும்பத்தின் அன்றைய பொழுதே நின்றுவிடும்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர்க்கும் இச்செய்தியில் பங்குண்டு. இதை எழுதுபவன் தில்லியில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்பவன். இவ்வூரின் சித்திரை வெயிலையும் தை மாதத்து மூடுபனியையும் ஒருசேர அனுபவித்தவன். பாலக்காட்டு அக்கிரகாரங்களிலிருந்து பம்பாய்க்கும் தில்லிக்கும் வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. தேவிகுளம், பீர்மேடு மலைகளில் பிறந்து வடநாட்டில் வேலை பார்ப்போரும் உண்டு. அவர்கள் வாசலிலும் குளிர்காலக் காலையில் கார் அடம் பிடிக்கிறது. மலையில் கற்ற பாடம் அவர்களுக்கும் உதவும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். பாலக்காடும் இடுக்கியும் கேரளத்தின் கிழக்கு எல்லை மாவட்டங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனைமலைத் தொடர் இடையே பரந்து கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இயற்கை திறந்துவைத்த வாயிலே பாலக்காட்டுக் கணவாய். அங்கே வெப்பம் கடுமையானது. 2016 ஏப்ரலில் அம்மாவட்டத்தில் வெயில் 41 பாகை செல்சியசைத் தாண்டியது. தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதன் அருகே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மூணாறு. 2019 ஜனவரியில் மூணாற்றைச் சூழ்ந்த தோட்டங்கள் சிலவற்றில் வெப்பநிலை பூச்சியத்துக்கும் கீழே இறங்கியது. கணவாயில் சரக்கேற்றும் லாரி, ஒரே நாளில் கோடையிலிருந்து குளிருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நமது புதிருக்கு விடை அதிலேதான் இருக்கிறது.

எல்லைக் கோடு பிற்காலத்தது. பாலக்காடு 1956 வரை சென்னை இராஜ்யத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று இவை யாவும் கேரளத்தில் சேர்ந்தன. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்று அமைந்தது. கோடுகள் மாறினாலும் சக்கரத்தின் தடங்கள் மாறவில்லை. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கும், உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாற்றுக்கும், போடியிலிருந்து போடிமெட்டு வழியாகத் தேவிகுளத்துக்கும், கம்பத்திலிருந்து குமுளிக்கும் மக்கள் இடைவிடாது ஏறி இறங்கினார்கள். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கே செல்லும் சாலை பொள்ளாச்சிப் பக்கமாகத்தான் போகிறது.

மலையில் சக்கரம் ஏறிய கதை சுவையானது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்று அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1880-ஐ ஒட்டி அங்கே தேயிலை பயிராயிற்று. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் வழியே தொழிலாளர் வந்தனர். பறித்த தேயிலையைக் கீழே இறக்குவது எப்படி? 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டிப்பாதை அமைந்தது. மாடுகளே அதை இழுத்தன. 1908-இல் அது இரண்டடி அகலமுள்ள சிற்றிருப்புப் பாதையாக மாறி, நீராவி எஞ்சின்கள் ஓடின. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில். அங்கிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிக்கயிற்று வழி. பின்னர் போடிக்கு வண்டிப்பாதை.

1924 ஜூலையில் பெருமழை பெய்தது. கேரளத்தார் கொல்லம் ஆண்டுக் கணக்கில் அதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பர். அவ்வெள்ளம் அச்சிறு ரயிலை அடியோடு கொண்டுபோயிற்று. கொச்சிப் பக்கம் இறங்கும் பழைய மலைச்சாலையும் சிதைந்தது. ரயில் மீண்டும் அமைக்கப்படவில்லை. நேரியமங்கலம் வழியாகப் புதுச்சாலை உருவாயிற்று. பெரியாற்றின்மீது அங்கே கட்டிய பாலம் 1935-இல் திறக்கப்பட்டது. இனி மலையை நாட்டோடு இணைக்கும் பொறுப்பு முழுவதும் மோட்டார் வண்டியின்மீது விழுந்தது. நீராவி எஞ்சினுக்கு நெருப்பும் தண்ணீரும் போதும். மோட்டார் வண்டிக்கோ ஒரு சிறு மின்பொறியின் தயவு வேண்டும்.

அந்த மின்பொறி மோட்டாருக்குள் எவ்வாறு குடிபுகுந்தது? சமவெளியில் மோட்டார்த் தொழில் அதற்குள் வேரூன்றிவிட்டது. 1911-இல் மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தம் தொழிலைத் தொடங்கினார். 1920-இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். அக்காலத்து வண்டிகள் பலவற்றில் பாட்டரியே இல்லை. எஞ்சின் சுழலும்போது மாக்னெட்டோ என்னும் கருவி தானே தீப்பொறியை உண்டாக்கும். முன்விளக்குகள் கார்பைடு வாயுவில் எரியும். கிளப்புவதற்கு முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றவேண்டும். பொறி முந்தி விழுந்தால் கைப்பிடி பின்னோக்கி உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர் பலர். குளிரில் எண்ணெய் இறுகிய எஞ்சினைக் கையால் சுழற்றுவது மல்லர்க்கும் எளிதன்று.

ஈய அமிலப் பாட்டரியைப் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளான்டே 1859-இலேயே கண்டுபிடித்திருந்தார். காமில் ஃபோர் 1881-இல் ஈயத் தகடுகளுக்குப் பசைபூசும் முறையைக் கொணர்ந்து அதைத் தொழிலுக்கு ஏற்றதாக்கினார். ஆனாலும் மோட்டாரில் அதற்கு நிலையான இடம் தந்தவர் அமெரிக்கராகிய சார்லஸ் கெட்டரிங். அவர் அமைத்த மின்சாரச் செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் வந்தது. அன்றிலிருந்து கிளப்பல், பொறி, விளக்கு ஆகிய மூன்று செலவுகளும் ஒரே மின்கணக்கில் ஏறின.

கணக்கு என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். பாட்டரி என்பது சேமிப்புப் பெட்டி. ஸ்டார்ட்டரும் விளக்குகளும் செலவினங்கள். எஞ்சினால் சுழலும் டைனமோ வரவு. வரவு மிகுந்து பெட்டி கெடாமலும், வரவு நின்ற வேளையில் பணம் பின்வழியே ஓடிவிடாமலும் காக்கும் கணக்கர்தான் ரெகுலேட்டரும் கட்-அவுட்டும். குடும்பம் நொடிப்பது பெட்டி ஓட்டையாவதால் மட்டுமன்று. வரவு நின்றாலும், செலவு மிகுந்தாலும், கணக்கர் தவறினாலும், பணம் கொண்டுவரும் வழியே அடைபட்டாலும் நொடிக்கும். மோட்டாரும் அப்படியே. பெட்டி காலியாக இருப்பதைக் கண்டவுடன் பெட்டியைக் குறை கூறுவது எவ்வளவு அவசரம் என்பது இதனால் விளங்கும்.

டைனமோவுக்கு ஒரு குறை இருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது மின்னேற்றம் செய்யாது. மலைப்பாதையில் இதன் விளைவைப் பாருங்கள். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறும்போது எஞ்சின் தாழ்ந்த கியரில் விரைந்து சுழலும், வரவு உண்டு. இறங்கும்போது எரிபொருளை மிச்சப்படுத்தவேண்டிச் சிலர் நியூட்ரலில் வண்டியை உருளவிடுவார்கள். எஞ்சின் முனகிக்கொண்டிருக்கும், டைனமோ ஒன்றும் தராது, மூடுபனிக்காக விளக்குகளோ எரிந்துகொண்டே இருக்கும். அடிவாரம் சேர்வதற்குள் பாட்டரி பாதி வற்றிவிடும். இவ்வழக்கம் பிரேக்குக்கும் கேடு, உயிருக்கும் கேடு என்பது வேறு. மிச்சம் பிடித்த எரிபொருள் மறுநாள் காலையில் வண்டி தள்ளும் உழைப்பாகத் திரும்பி வந்தது.

மலை ஓட்டுநர்கள் இதற்கும் ஓர் உபாயம் கண்டார்கள். இரவில் வண்டியைச் சரிவை நோக்கி நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். காலையில் கல்லை எடுத்து, உருளவிட்டு, கியரில் போட்டால் எஞ்சின் கிளம்பிவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டினால் பஸ்களின் பின்னே கரிவாயு அடுப்புகளைப் பொருத்தினார்கள். விடியலில் அடுப்பை மூட்டி, வாயு வரும்வரை காத்திருந்த தலைமுறைக்குக் குளிர்காலக் கிளப்பல் ஒரு தவமாகவே இருந்தது.

1950-களின் நடுவில் உலகெங்கும் கார்கள் 6 வோல்ட்டை விட்டு 12 வோல்ட்டுக்கு மாறின. 1960-இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை அமைத்தது. மாறுமின்சாரத்தை உண்டாக்கி, டயோடுகளால் நேர்மின்சாரமாக்கித் தரும் இக்கருவி, எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் ஓரளவு வரவு தரும். நம் நாட்டில் 1961-இல் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் தோன்றியது; சென்னைப் பாடியில் அது ஸ்டார்ட்டரும் மின்னாக்கிகளும் செய்யலாயிற்று. ஆயினும் டைனமோ நெடுநாள் நீடித்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 ஆல்டர்னேட்டருடன் வந்து, அதைப் பொதுமக்கள் வாசலுக்குக் கொண்டுவந்தது.

கருவி மாறிற்று, கைப்பழக்கம் மாறவில்லை. டைனமோ காலத்தில், எஞ்சின் ஓடும்போதே பாட்டரியின் ஓர் இணைப்பைக் கழற்றிப் பார்ப்பார்கள். எஞ்சின் நிற்காவிட்டால் டைனமோ நன்று என்பது முடிவு. இதையே ஆல்டர்னேட்டர் வண்டியில் செய்தால், தாங்குவதற்குப் பாட்டரி இல்லாமையால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து டயோடுகளைக் கருக்கிவிடும். இன்றைய கார்களிலுள்ள கணிப்பொறிகளும் கெடும். நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப்போய்க் கெடுத்துவைப்பதாகும் இது. மற்றொன்று: பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும், இன்று எதிர்முனையே அவ்வாறு இணைகிறது. பழைய நினைவில் முனை மாற்றிக் கம்பி கொடுத்தாலும் டயோடுகள் நொடியில் போய்விடும்.

இனிக் குளிரின் வேலையைப் பார்ப்போம். பாட்டரிக்குள் நடப்பது இரசாயன வினை. குளிரில் எல்லா இரசாயன வினைகளும் தளரும். 27 பாகையில் நன்றாக இருக்கும் பாட்டரி, பூச்சியப் பாகையில் தன் கிளப்பும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே தரும். அதே குளிரில் எஞ்சின் எண்ணெய் தடித்துப்போவதால், சுழற்றுவதற்கு வேண்டிய ஆற்றலோ ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. வருவாய் குறைந்த மாதத்தில் வீட்டில் திருமணம் வந்தாற்போல! டீசல் வண்டியானால் எஞ்சினைச் சூடேற்றும் பிளக்குகளும் கிளப்புமுன்பே பாட்டரியிலிருந்து வலுவான மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும். மேலும் குளிர்ந்த பாட்டரி மின்னேற்றத்தையும் எளிதில் ஏற்காது. இரண்டு மைல் சென்று திரும்பும் பயணத்தில், கிளப்பியபோது செலவானது திரும்பிச் சேர்வதில்லை. சிறு பயணங்களே செய்யும் வண்டி நாளுக்கு நாள் கடனாளியாகிறது.

ஆனால் இங்கே ஓர் உண்மையைக் கவனிக்கவேண்டும். குளிர் பாட்டரியின் ஆற்றலைத் தற்காலிகமாக ஒடுக்குகிறதேயன்றி, அதன் ஆயுளை அழிப்பதில்லை. வெயிலேறினால் ஆற்றல் திரும்பிவிடும். ஆயுளை அழிப்பது வெப்பம். வெப்பத்தில் தகடுகளின் சட்டம் அரிக்கப்படுகிறது, நீர் ஆவியாகிறது. 10 பாகை கூடுந்தோறும் இத்தேய்மானம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொறியாளர் கணக்கு. ஆகவே பாலக்காட்டுச் சமவெளியில் பங்குனி, சித்திரை முழுவதும் வெந்த பாட்டரி அங்கேயே பாதி தேய்ந்துவிடுகிறது. இளஞ்சூடான சமவெளிக் காலையில் எஞ்சினைச் சுழற்ற அந்தப் பாதியே போதும். ஆகவே ஒருவரும் அறிவதில்லை. மார்கழியில் மூணாறு ஏறியதும் அது படுத்துவிடுகிறது. பழியைக் குளிர் ஏற்றுக்கொள்கிறது, செய்தது வெயில். தில்லியிலும் இதே கதைதான். ஆனி மாதத்து 45 பாகை செய்துவைத்த கேட்டைத் தை மாதத்து 4 பாகை வெளிப்படுத்துகிறது.

பாட்டரிக்கு மட்டுமா? மற்ற குறைகளையும் குளிர் அவ்வாறே வெளிக்கொணர்கிறது. தேய்ந்த பெல்ட் பகலில் பிடித்து ஓடும். விடியற்காலையில் ரப்பர் இறுகி, பனிநீரும் சேர, கிரீச்சிட்டு வழுக்கும். ஆல்டர்னேட்டர் போதிய வேகத்தில் சுழலாது. முனைகளில் பூத்த பச்சையும் வெண்மையுமான களிம்பு சிறு மின்சாரத்தை விடும்; இறுகிய எஞ்சினைச் சுழற்றும் பெருமின்சாரத்தை விடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில் இதை நேரில் கண்டேன். கொழுக்குமலையில் கதிரவன் எழுவதைக் காணவேண்டிச் சூரியநெல்லியில் நாலு மணிக்கே குடும்பத்தோடு காத்திருந்தோம். வாடகைக்கு அமர்த்திய ஜீப் கிளம்பவில்லை. உதவியாக வந்த இளைஞன், "மாமா, போன மாசம் மாத்துன பாட்டரிதான். அதுவும் போச்சு. கடைக்காரர் ஏமாத்திட்டாரு" என்றான். அறுபது வயதைத் தாண்டிய ஓட்டுநர் பதில் பேசவில்லை. மீண்டும் இருமுறை சாவியைத் திருப்பச் சொன்னார். பிறகு பாட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் தடித்த கம்பியின் முனையில் விரலை வைத்துப் பார்த்தார். என்னை அழைத்து, "இந்தக் குளிர்லயும் இது ஒண்ணு மட்டும் சுடுது பாருங்க சார். சூடு எங்கயோ அங்கதான் அடைப்பு" என்றார். அம்முனையைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பளபளக்கச் செய்து முடுக்கினார். வண்டி கிளம்பிற்று. அலுவலகத்தில் 'புவியிணைப்பு' என்று நான் மொழிபெயர்க்கும் சொல்லை அவர் 'எர்த்து' என்றார். என் சொல்லால் எந்த வண்டியும் கிளம்பியதில்லை என்பதை அன்று எண்ணிக்கொண்டேன்.

அப்பெரியவர் செய்தது மந்திரமன்று; முறை. விலை குறைந்ததை முதலில் ஆராய்ந்து, விலை மிகுந்ததைக் கடைசியில் ஆராயும் முறை. அதை வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

முதலாவது, கண்ணால் பார்த்தல். முனைகளில் களிம்பு உண்டா? கையால் அசைத்தால் கவ்விகள் ஆடுகின்றனவா? இருந்தால், முதலில் எதிர்முனையைக் கழற்றுங்கள். சோடா உப்பு கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து முடுக்குங்கள். கழுவும் நீர் பாட்டரியின் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டரியிலிருந்து உடலுக்கும், உடலிலிருந்து எஞ்சினுக்கும் செல்லும் எர்த்துக் கம்பிகளையும் அவ்வாறே செய்யுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். தளர்ந்தோ பளபளத்தோ வெடித்தோ இருந்தால் அதுவே குற்றவாளியாகலாம்.

இரண்டாவது, முகப்பிலுள்ள சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பியவுடன் அது எரியவேண்டும். எஞ்சின் கிளம்பியவுடன் அணையவேண்டும். அணையாவிட்டால் மின்னேற்றம் இல்லை. தொடக்கத்திலேயே எரியாவிட்டாலும் மகிழவேண்டாம். பல வண்டிகளில் அவ்விளக்கின் வழியே செல்லும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை விழிக்கச் செய்கிறது. சிறு பல்பு எரிந்துபோனதற்காக ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

மூன்றாவது, வோல்ட் மீட்டர். சில நூறு ரூபாயில் கிடைக்கும் இக்கருவியால் மூன்று முறை அளக்கவேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பாட்டரி நிறைந்துள்ளது, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறத்தாழ வற்றிவிட்டது. ஸ்டார்ட்டர் சுழலும்போது அளவு சுமார் 9½ வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பாட்டரி தளர்ந்துள்ளது என்று ஐயுறலாம். கடுங்குளிரில் இதற்குச் சற்றுக் கீழே போவது இயல்பே. எஞ்சின் ஓரளவு விரைவாக ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை இருக்கவேண்டும். 13-ஐத் தாண்டாவிட்டால் வரவு இல்லை; 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பாட்டரியை வேகவைக்கிறது. குளிரில் இவ்வளவு சற்றே உயர்ந்திருப்பது குறையன்று. குளிர்ந்த பாட்டரிக்கு அது வேண்டியதே. அண்மைக்காலக் கார்கள் சிலவற்றில் கணிப்பொறியே இவ்வளவை ஏற்றி இறக்குவதால், ஒருமுறை அளந்து முடிவு கட்டலாகாது.

நான்காவது, அமிலத்தின் அடர்த்தி. மூடியைத் திறக்கக்கூடிய பாட்டரிகளில் ஹைட்ராமீட்டரால் ஆறு அறைகளையும் தனித்தனியே அளக்கலாம். நிறைந்த நிலையில் 1.28 என்பது குளிர்நாட்டு அளவு. வெப்பநாட்டுப் பாட்டரிகளில் 1.24-ஐ ஒட்டி நிரப்புவதும் உண்டு. ஆகவே எண்ணைவிட ஒப்புமையே முக்கியம். ஓர் அறை மற்றவற்றினும் 0.050-க்கு மேல் தாழ்ந்திருந்தால் அவ்வறை கெட்டுவிட்டது. குளிரில் நீர்மம் அடர்வதால் மீட்டர் நம்மை ஏமாற்றும் என்பதும் நினைவிருக்கட்டும். 5 பாகையில் அளக்கும் எண், 27 பாகையில் காட்டுவதினும் ஏறக்குறைய 0.015 மிகுதியாகத் தோன்றும். நீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரையன்றி வேறொன்றும் ஊற்றலாகாது.

ஐந்தாவது, மறைமுகச் செலவு. வரவும் பெட்டியும் நன்றாக இருந்தும் இரவில் வற்றுகிறதென்றால், அணையாத பெட்டி விளக்கோ, பின்னர்ப் பொருத்திய ஒலிப்பெட்டியோ, எச்சரிக்கை மணியோ திருட்டுத்தனமாகக் குடிக்கிறது. வண்டி நின்று எல்லாம் உறங்கிய பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடினால் ஐயுறவேண்டும்.

இவ்வளவும் பார்த்த பின்னரே பாட்டரியைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சுமையேற்றிச் சோதிக்கவேண்டும். அப்போதும் தேறாவிட்டால் மாற்றவேண்டும். மற்றொரு வண்டியிலிருந்து மின்சாரம் வாங்கிக் கிளப்ப நேர்ந்தால், நேர்முனையை நேர்முனையோடு இணைத்து, கடைசி இணைப்பை வற்றிய பாட்டரியின் எதிர்முனையில் கொடாமல், அதற்கு எட்டவுள்ள எஞ்சின் இரும்பில் கொடுங்கள். பாட்டரியின்மேல் தீப்பற்றும் வாயு தங்கியிருக்கலாம். ஒரு பொறியே வெடிப்புக்குப் போதும். அருகில் பீடியும் தீக்குச்சியும் கூடவே கூடாது.

குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயிலை 1924-இன் வெள்ளம் கொண்டுபோய் நூறாண்டுகள் கடந்துவிட்டன. அன்று தொட்டு அம்மலையின் போக்குவரத்தைச் சுமந்தவர்கள் சாலையிட்டவர்களும் லாரி முதலாளிகளும் மட்டுமல்லர். உடுமலை, போடி, பொள்ளாச்சி, பாலக்காடு ஆகிய ஊர்களின் சிறு பட்டறைகளில், விரல் நுனியின் சூட்டாலும் காதின் கூர்மையாலும் மின்சாரத்தைக் கற்ற தொழிலாளர்களும் சுமந்தார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மாக்னெட்டோவிலிருந்து டைனமோவுக்கும், அங்கிருந்து ஆல்டர்னேட்டருக்கும் ஒவ்வொரு முறையும் பழையதை மறந்து புதியதைக் கற்றார்கள். கற்காமல் பழக்கத்தையே பிடித்துக்கொண்டவர்கள் டயோடுகளைக் கருக்கினார்கள். வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் இதில் அடங்கியிருக்கிறது.

வடநாட்டில் வாழும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்கழி பிறக்கும்வரை காத்திராதீர்கள். கோடை முடிந்து, தீபாவளிக்கு ஊர் செல்லும் முன் ஐப்பசியிலேயே ஒருநாள் முன்மூடியைத் திறந்து, முனைகளைத் துடைத்து, பெல்ட்டை அழுத்தி, வோல்ட்டை அளந்து பாருங்கள். அரைமணி நேரம் போதும். தை மாதத்து விடியலில் மூடுபனிக்கு நடுவே வீட்டில் ஒருவரை அவசரமாக எங்கேனும் கொண்டுசெல்ல நேர்ந்தால், அந்த அரைமணி நேரம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.